ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள், சம்பளமும் பாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். ஹெச்ஆரில் இருந்து இரண்டு பேர். மேஜை மேல் என் பெயர் போட்டு டைப் அடித்த ராஜினாமாக் கடிதம். "நீங்களா போயிட்டா ரிலீவிங் லெட்டர் நல்லபடியா வரும். இல்லேன்னா டெர்மினேஷன்தான், அப்புறம் எங்கயும் வேலை கிடைக்காது" என்றார்கள். இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றது. அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதையும், அதற்குப் பிறகு நண்பர்களுக்காகத் தொழிலாளர் அலுவலகப் படியேறி இறங்கித் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் தனியார் வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. நான் வக்கீல் இல்லை. பெரிய தொகையோ சிக்கலான விவகாரமோ என்றால் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள்.

வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றால் அவர்களே அனுப்பலாமே, எதற்கு என்னிடம் ராஜினாமா கேட்கிறார்கள்?

ஏனென்றால் ஆட்குறைப்பு செய்தால் பணம் தர வேண்டும், ராஜினாமா என்றால் தர வேண்டாம். ஒரு வருடம் (சட்டக் கணக்கில் 240 நாள்) வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். கூடவே, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, இப்போதைய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. புதிய சட்டம் இன்னொரு 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதிக்குக் கட்டவும் சொல்கிறது. தொழிற்சாலை போன்ற இடங்களில் 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் அரசின் முன் அனுமதியும் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மாதம் 30,000 ரூபாய், எட்டு வருட சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு 1,20,000, நோட்டீஸ் சம்பளம் 30,000. ஆக 1,50,000 ரூபாய். அந்தக் காகிதத்தில் நீங்கள் போடும் கையெழுத்தின் விலை அது. அந்த அறையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த அறையில்தான் இருக்கிறேன். என்ன செய்வது?

கையெழுத்துப் போடாதீர்கள். "யோசிச்சுச் சொல்றேன், நீங்க சொன்னதை மெயில்ல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். அந்த இடத்திலேயே, அந்த நிமிடமே ராஜினாமா தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 2017 ஜூலையில் டெக் மஹிந்திராவின் ஹெச்ஆர் ஒருவர், மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா செய்யும்படி ஊழியரிடம் சொன்ன ஆடியோ நாடு முழுக்கப் பரவியது. அந்தக் குழுமத்தின் தலைவர் ஆனந்த் மஹிந்திராவே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்த ஊழியர் பதற்றத்திலும் நிதானமாகக் கேள்வி கேட்டார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே விடாமல் வைத்திருந்தால் அது சட்டவிரோதமாக அடைத்து வைத்தல் என்கிற குற்றம். 100 அல்லது 112-க்கு போன் செய்யலாம்.

"டெர்மினேட் பண்ணிடுவோம்" என்று மிரட்டுகிறார்களா? செய்யட்டும். அந்த வார்த்தைக்கு நாம் எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். டெர்மினேஷன் லெட்டரில் தேதி இருக்கும், காரணம் இருக்கும், அனுப்பியது அவர்கள் என்பது இருக்கும். அதை எதிர்த்து வழக்காட முடியும். நீங்களே எழுதிக் கொடுத்த ராஜினாமாவை உடைப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாம் முடிந்துபோனதா?

இல்லை. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்தால் இன்று இரவே, இல்லையென்றால் நாளைக்குள் மெயில் எழுதுங்கள்.

ராஜினாமா என்பது மனமொப்பிச் செய்வது. மிரட்டியோ, தன் கைக்குக் கீழே இருப்பவர் என்ற நிலையைப் பயன்படுத்தியோ வாங்கிய சம்மதத்தை, சம்மதித்தவர் செல்லாது என்று சொல்லலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் (பிரிவுகள் 15, 16, 19, 19ஏ). பின்னொரு தேதியில் அமலுக்கு வரும் ராஜினாமாவை, அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் கோபால் சந்திர மிஸ்ரா வழக்கிலும் அதற்குப் பின் வேறு வழக்குகளிலும் சொல்லியிருக்கிறது. அதனால் நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்கள் இன்றே திரும்பப் பெறும் கடிதம் கொடுங்கள்.

மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் நம் மேல்தான் விழும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, வேறு வேலை அமையாததும் "மிரட்டினார்கள்" என்றால் நீதிபதி நம்பத் தயங்குவார். அன்றே எழுதிய நாலு வரி மெயில், பிறகு போடும் நாற்பது பக்க மனுவைவிட வலுவானது. நான் எழுதவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இப்படி எழுதலாம்: "இன்று மாலை 4 மணியளவில் என்னை அறைக்கு அழைத்து, ஏற்கெனவே தயார் செய்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடும்படி இன்னின்னார் வற்புறுத்தினார்கள். மறுத்தால் அனுபவச் சான்றிதழ் தர மாட்டோம் என்றார்கள். வேறு வழியின்றிக் கையெழுத்திட்டேன். அது என் விருப்பத்தில் தந்த ராஜினாமா அல்ல. அதைத் திரும்பப் பெறுகிறேன். நான் தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." சொந்த மெயில் முகவரியிலிருந்து ஹெச்ஆருக்கும் மேலதிகாரிக்கும் அனுப்புங்கள். அதையே ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றதற்கான ஒப்புகையோடு அலுவலக முகவரிக்கும் அனுப்புங்கள்.

போர்ட்டலில் போய் ராஜினாமாவைக் கிளிக் செய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. காரணம் கேட்கும் கட்டத்தில் "சொந்தக் காரணம்" என்று தேர்வு செய்யச் சொல்வார்கள். குறிப்பு எழுத இடம் இருந்தால் "நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்" என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் என்று என்னவெல்லாம் சேர்க்க வேண்டும்?

ஆஃபர் லெட்டர், பணி நியமன ஆணை, பே ஸ்லிப்கள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், அடையாள அட்டையின் படம், வருகைப் பதிவு, கடைசி மதிப்பீட்டு அறிக்கை. அலுவலக மெயில் முடங்கும் முன் உங்கள் வேலை சம்பந்தப்பட்ட இந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் தகவல், கோட், கம்பெனிக் கோப்பு எதையும் தொடாதீர்கள். அதை வைத்தே உங்கள் மேல் திருட்டுப் புகார் கொடுப்பார்கள்.

வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். நீங்கள் பேசிய உரையாடலைப் பதிவு செய்திருந்தால், பதிவான அதே போனைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மூலப் பதிவு இருந்தால்தான் அது சுலபம்.

ஒரே நாளில், ஒரே வாசகத்தில் பத்துப் பேரிடம் கடிதம் வாங்கியிருந்தால் அதுவே பெரிய ஆதாரம். அந்தப் பத்துப் பேரும் ஒன்றாகச் சேருங்கள்.

ராஜினாமா தர மறுத்ததும் கணினியை முடக்கி, வாசலில் செக்யூரிட்டியை வைத்துத் தடுக்கிறார்கள். இப்போது "வேலைக்கு வரவில்லை" என்று கடிதம் வந்திருக்கிறது!

இது பழைய தந்திரம். வேலையைக் கைவிட்டுப் போனதாகக் காட்டப் பார்க்கிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து வாசல் வரை போங்கள். ஒவ்வொரு நாளும், "காலை 9.30-க்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று மெயில் போடுங்கள். வாசலில் நின்ற படம் ஒன்றும் இருக்கட்டும். கம்பெனியின் பணி விதிகளான நிலையாணையில் தானாகப் பெயர் நீங்கும் என்று எழுதியிருந்தாலும், விசாரணை இல்லாமல் நீக்குவது இயற்கை நீதிக்கு எதிரானது என்று 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடைசிச் சம்பளம், லீவ் பணம் எல்லாம் 45 நாள் கழித்து செட்டில்மென்டில் வரும் என்கிறார்களே?

அது கம்பெனி வழக்கம், சட்டம் இல்லை. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலை நீக்கமோ, ஆட்குறைப்போ, ராஜினாமாவோ, எதுவானாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தரச் சொல்கிறது. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும்.

முன்பிருந்த ஊதியப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்குத்தான். புதிய சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. மேனேஜர், சூப்பர்வைசர் எல்லோரும் வருகிறார்கள். பாக்கிக்காக 45-ஆம் பிரிவின் கீழ் மனு போட மூன்று வருடம் அவகாசம் (முன்பு 12 மாதம்தான்). மனுவைக் கேட்கும் அதிகாரி பாக்கித் தொகையோடு, அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். பத்து மடங்கு என்பது உச்ச வரம்பு, எல்லோருக்கும் அப்படியே கிடைத்துவிடாது. ஆனால் சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்று காட்ட வேண்டிய பொறுப்பை 59-ஆம் பிரிவு முதலாளி மேல் வைத்திருக்கிறது. ரொக்கமாகச் சம்பளம் வாங்கி, கையில் காகிதமே இல்லாதவர்களுக்கு இது பெரிய பலம்.

மனுவுக்கு முன் ஒரு மெயிலோ நோட்டீஸோ அனுப்பி, எந்த மாதம் எவ்வளவு பாக்கி என்று கணக்கோடு கேளுங்கள். ஏழு நாள் கொடுத்தால் போதும். பாதி பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பணம் வந்து நான் பார்த்திருக்கிறேன்.

செட்டில்மென்ட் தரும்போது "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். தொகை குறைவு என்றால் "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையால் எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால், பணம் ஏறிய அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள்.

நோட்டீஸ் காலச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பாண்ட் பணமும் கேட்கிறார்கள்.

இன்றே போ என்று சொன்னது அவர்கள். அப்படியிருக்க நோட்டீஸ் பணத்தை உங்களிடம் பிடிப்பது நியாயமே இல்லை. அதனால்தான் போகச் சொன்னது யார் என்பதை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்கிறேன். எப்படியானாலும் ஊதியக் காலம் ஒன்றில் மொத்தப் பிடித்தம் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது.

பாண்ட் விஷயத்தில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. குறைந்தபட்ச சர்வீஸ் பாண்ட் செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று வருடம் முடிக்காமல் போனால் 2 லட்சம் என்பது அந்த பாண்ட். ஆனால் அங்கே ஊழியர் தானாகப் போனார். கம்பெனி துரத்திய இடத்தில் பாண்ட் கேட்டால் அந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த முடியாது என்று வாதாடலாம். இன்னொன்று: வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனியில் சேரக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. அதைச் சொல்லி மிரட்டினால் பயப்படாதீர்கள்.

யாரிடம் புகார் கொடுப்பது?

நீங்கள் சட்டப்படி "தொழிலாளர்" வகையா என்று முதலில் பாருங்கள். பதவிப் பெயரை வைத்து இதை முடிவு செய்வதில்லை, செய்யும் வேலையை வைத்துத்தான். விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று போட்டிருந்தாலும், ஆளை எடுக்கவோ தண்டிக்கவோ லீவ் கொடுக்கவோ அதிகாரமில்லாமல் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் தொழிலாளர்தான் என்று வாதிட முடியும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் இந்த வகையில் வரமாட்டார்கள்.

தொழிலாளர் என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உள்ள சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். சங்கம் தேவையில்லை, வேலை நீக்கத் தகராறைத் தனி ஆளாகவே எழுப்பலாம். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். கம்பெனி இரண்டு வாய்தாவுக்கு வராது, மூன்றாவதுக்கு வக்கீலோடு வரும். சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் போங்கள். 45 நாளுக்குள் முடிவு வராவிட்டால் சமரச முறிவறிக்கை தருவார். அது கைக்கு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச அலுவலர் அதை எடுக்க முடியாது. பழைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவில் மனு போட்டு ஏற்கெனவே வழக்கு நடத்துபவர்கள் கவலைப்பட வேண்டாம், சட்டம் மாறியதால் அந்த வழக்குகள் செத்துப்போவதில்லை. வங்கி, காப்பீடு போன்ற துறைகளில் இருப்பவர்கள் மட்டும் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் தமிழ்நாட்டில் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 41-ஆம் பிரிவு. கடையிலோ வணிக நிறுவனத்திலோ ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் அனுப்ப முடியாது. மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், சின்ன அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

உண்மையிலேயே நிர்வாகப் பதவியில் இருந்தவர் என்றால் சிவில் நீதிமன்றம்தான். அங்கே வேலையைத் திரும்பத் தரச் சொல்ல மாட்டார்கள். நோட்டீஸ் காலச் சம்பளமும் ஒப்பந்தப்படி வர வேண்டியதும் கேட்கலாம். சம்பளப் பாக்கிக்கு மட்டும் மேலே சொன்ன ஊதியச் சட்ட மனு உங்களுக்கும் உண்டு.

ஐடி கம்பெனிக்குத் தொழிலாளர் சட்டம் கிடையாதாமே?

உண்டு. தமிழ்நாட்டில் ஐடி துறைக்குத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, அங்கே வேலை செய்பவர்கள் சங்கம் வைக்கலாம் என்று மாநில அரசே 2016-இல் தெளிவுபடுத்தியது. இதைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு டைடல் பார்க் வாசலிலும் ஒட்டலாம் என்று தோன்றும்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது பிரசவ விடுப்பில் இருக்கிறேன்.

பிரசவ விடுப்பில் இருக்கும்போது வேலை நீக்குவதே சட்டவிரோதம். கர்ப்பக் காலத்தில் நீக்கினாலும் பேறுகால நன்மையைப் பறிக்க முடியாது. 26 வார விடுப்பு கிடைக்க, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2015 ஜனவரியில் சென்னையில் கர்ப்பிணியான ஐடி ஊழியர் ஒருவரின் பணி நீக்கத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பிஎஃப், பணிக்கொடை (கிராஜுவிட்டி)?

ராஜினாமா செய்தாலும் இரண்டும் உங்களுடையவை. பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும் (குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்குப் புதிய சட்டத்தில் ஒரு வருடம் போதும்). கணக்கு: கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குங்கள். 26,000 ரூபாய், எட்டு வருடம் என்றால் 1,20,000. இதை 30 நாளுக்குள் தர வேண்டும், தாமதித்தால் வட்டி.

பிஎஃப் பாஸ்புக்கை உடனே பாருங்கள். உங்கள் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பிஎஃப் அலுவலகத்தின் இணையக் குறைதீர் தளத்தில் புகார் போடுங்கள். வேலையை விட்ட தேதியைக் கம்பெனி பதிய மறுத்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள்.

சான்றிதழ் உங்கள் சொத்து. கடனுக்கு ஈடாகப் பிடித்துவைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் காவல் நிலையம். "சிவில் விவகாரம்" என்று போலீஸ் திருப்பி அனுப்பினாலும் மனு ஏற்புச் சான்று வாங்காமல் வராதீர்கள்.

கம்பெனியையே மூடிவிட்டார்கள். அல்லது, நான் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தேன், அவர் ஓடிவிட்டார்.

கான்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை முதலாளி சம்பளத்தைத் தர வேண்டும். யாருடைய வளாகத்தில் வேலை பார்த்தீர்களோ அவரையும் மனுவில் சேருங்கள். கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால், அதை நடத்த நியமிக்கப்பட்ட நிபுணரிடம் ஊழியருக்கான படிவத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். பொது அறிவிப்பில் கடைசித் தேதி இருக்கும். கலைக்கும் நிலை வந்தால் தொழிலாளரின் 24 மாதப் பாக்கிக்கு முன்னுரிமை உண்டு, மற்ற ஊழியர்களுக்கு 12 மாதம்.

வழக்குப் போட்டால் வேலை திரும்பக் கிடைக்குமா?

கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். தவறாக நீக்கியிருந்தால், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான பின் சம்பளத்தோடு வேலை தருவதே பொதுவான விதி என்று 2013-இல் தீபாலி சுர்வாசே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு, இடையில் வேறு வருமானம் இல்லை என்று மனுவில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் ஆகும். வீட்டு வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் அதுவரை காத்திருக்காது. புது வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். சேர்ந்தாலும் பழைய சம்பளப் பாக்கியும் இழப்பீடும் கேட்கும் உரிமை போகாது. சமரச மேஜையில் நியாயமான தொகை வந்தால் வாங்கிக்கொண்டு முடிப்பதும் தோல்வி இல்லை.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லை.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணைக் கூப்பிடலாம், அல்லது உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்துக்கு நேரில் போகலாம். சமரச அலுவலர் முன் வக்கீல் இல்லாமலே பேசலாம். மனு தமிழிலேயே இருக்கலாம், ஒரு பக்கம் போதும்: எப்போது சேர்ந்தேன், என்ன வேலை, என்ன சம்பளம், என்றைக்கு என்ன நடந்தது, எவ்வளவு பாக்கி, என்ன வேண்டும். மூன்று நகல் எடுத்துப் போய், உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டு வாருங்கள்.